புதுப்பிப்பு: சித்தி வீட்டார் வந்து போனார்கள்

போன மாதம் கேட்டிருந்தேன்: அப்பா தவறி 4 மாதம்தான் ஆகிறது, தீபாவளிக்குச் சித்தி குடும்பத்தோடு தென்காசிக்கு வருகிறேன் என்கிறார், அம்மா தாங்குவாரா என்று. வரச் சொல்லுங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

பொதிகை ரயிலில் காலையில் வந்து இறங்கினார்கள், 6 பேர். துக்க வருஷம் என்பதால் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. சித்திதான் ஒரு தூக்குச்சட்டி நிறைய முறுக்கும் அதிரசமும் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். (முறுக்கு கல்லு மாதிரி. அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

மறுநாள் சித்தியின் சின்னப் பையன் விவரம் தெரியாமல் அப்பாவின் டம்ளரை நீட்டிக் காபி கேட்டான். விளிம்பு நசுங்கிய பித்தளை டம்ளர். 4 மாதமாக யாரும் தொடவில்லை. பதறி எழுந்துவிட்டேன். அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு அதிலேயே ஆற்றி ஊற்றினார். "உங்க பெரியப்பா, நுரை கொறஞ்சா அப்படியே திருப்பிக் கொடுத்துருவாக" என்றார். அப்புறம் சிரித்தார், சத்தமாக. சித்தி அழுதுவிட்டார்.

சாயங்காலம் ஐந்தருவிக்குப் போனோம். அம்மா குளிக்கவில்லை. எல்லாருடைய துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு, சாரலில் நனைந்தபடி நின்றார்.

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. டம்ளர் இப்போது அடுப்படியில் மற்றவற்றோடு கவிழ்ந்து கிடக்கிறது.