மறு: "வானிலையாலழிதல்" என்பதற்குப் பதிலாக "பாறையுக்கல்"

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியராகப் போகிறவர்களுக்கான புவிச்சரிதவியல், இரசாயன அறிமுகக் கையேட்டுக்குச் சொல் தேடித்தான் இந்த இழை தொடங்கியது. பாறை இருந்த இடத்திலேயே மழையும் உப்பும் வேரும் பட்டு இளகி, பொடியாகி, வேறு பொருளாக மாறுவதற்கு நம் பாடநூல்கள் தரும் சொல் "வானிலையாலழிதல்". இதை மாற்றத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டும், அந்த இடத்தில் "உக்குதல்" என்ற பேச்சுச் சொல்லிலிருந்து எடுத்த "பாறையுக்கல்" வர வேண்டும் என்பதே என் பக்கம். முதற் காரணம் அந்த "அழிதல்".

தாழங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ பயிலும் ஒரு ஆசிரிய மாணவி இரசாயனப் பகுதியில் திணிவுக் காப்பு விதியைப் படிக்கிறார். சடப்பொருள் அழிவதில்லை, மாற்றமடைகிறது என்று 1789இல் லவோசியே எழுதி வைத்ததை அங்கே ஏற்றுக்கொள்கிறார். நாலு பக்கம் தள்ளினால் "பாறை அழிகிறது" என்று வருகிறது. நாளைக்குத் தரம் நான்கில் ஒரு பிள்ளை "அழிஞ்ச கல்லு எங்க மிஸ் போச்சு?" என்று கேட்டால் அவரிடம் என்ன பதில் இருக்கும்? உண்மையில் அந்தக் கேள்விதான் பாடமே. கல் போன இடங்களை ஒவ்வொன்றாகக் காட்ட முடியும்.

விஜயன் தொகுதி என்ற பழைய பாறைத் தொகுதியைச் சேர்ந்த நைஸ் பாறைகள்தான் (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை) இலங்கையின் கிழக்கில் நம் பக்கத்து நிலத்தின் அடித்தளம். குடும்பிமலைப் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். அதில் முக்கியமாகப் பெல்ஸ்பார், குவாட்ஸ், கறுப்பு மைக்கா என மூன்று கனியங்கள் இருக்கின்றன. மழைநீர் வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய காபோனிக்கமிலம் ஆகிறது. மாசில்லாத மழைநீரின் பீஎச் பெறுமானமே 5.6 அளவுதான் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்). அந்த நீர் பெல்ஸ்பாரில் ஊறும்போது பொற்றாசியம், சோடியம், கல்சியம் அயன்களும் கொஞ்சம் சிலிக்காவும் கரைந்து வெளியேறுகின்றன. மிஞ்சுவது கயோலினைற்று போன்ற களி. மைக்காவிலுள்ள இரும்பு ஒட்சியேறி மண்ணுக்குக் கபிலநிறம் கொடுக்கிறது. குவாட்ஸுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே ஆவதில்லை. பிடிமானம் போனதும் தனி மணியாக உதிர்கிறது, அவ்வளவுதான். அப்புறம் பட்டிப்பளை ஆறும் முந்தனை ஆறும் மாரி வெள்ளத்தில் இவற்றை வாரிக்கொண்டு வருகின்றன. களி வயலிலும் மட்டக்களப்பு வாவியின் அடியிலும் படிய, மணல் கடற்கரை வரை வந்து சேர்கிறது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரைப் பிள்ளைக்குச் சுற்றிலும் பாறையே கிடையாது என்று நினைக்கிறோம். வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக்கும் அப்பால் இருந்த பாறையின் குவாட்ஸைத்தான் அந்தப் பிள்ளை தினமும் மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. இவ்வளவையும் "அழிதல்" என்ற ஒரு சொல் மூடி மறைத்துவிடுகிறது.

"வானிலை" என்ற முன்பாதியும் பொருந்தவில்லை. மண்ணுக்கடியில், வெயிலே படாத ஆழத்தில், நிலத்தடி நீரால் நடக்கும் மாற்றமும் இதில் அடக்கம். வேரும் பாசியும் செய்வதும் அப்படித்தான்.

> "பாறைச்சிதைவு" தமிழ்நாட்டில் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமே?

நல்ல சொல்தான், எனக்கு எதிர்ப்பில்லை. சொற்பட்டியலில் இணைச்சொல்லாகக் கட்டாயம் இருக்கட்டும். ஆனால் ஒரு சேர்வை உடைந்து எளிய பொருள்களாகப் பிரிவதையும் அங்கே சிதைவு வினை என்கிறார்கள்; நாம் பிரிகை என்கிறோம். ஒரே கையேட்டில் பாறையும் இரசாயனமும் வரும்போது, தமிழ்நாட்டு நூல்களையும் புரட்டும் மாணவர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட இடமுண்டு.

> "தேய்மானம்" எல்லோருக்கும் புரியுமே?

தேய்மானம் உராய்வால் வருவது. ஆற்றில் உருண்டு வழவழப்பான கல்லுக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம்.

> உக்குதல் நுண்ணங்கிகளின் வேலை. உக்கும் கழிவு, உக்காத கழிவு என்று பிள்ளைகள் படித்துவிட்டு வருகிறார்கள். கல்லும் உக்கும் என்றால் பிரிகையாக்கிகள் கல்லைத் தின்கின்றன என்றல்லவா நினைப்பார்கள்?

அக்கரைப்பற்று சேரின் இந்தக் கேள்விதான் இழையிலேயே கனமானது. நம் பேச்சில் உக்குவது இலையும் மரமும் மட்டுமில்லை, சேர். கறள் பிடித்த தகரத்தை "உக்கிப் போச்சு" என்கிறோம். வாவியோரத்து வீட்டில் உப்பேறிப் பொரிந்து கொட்டும் சுவரையும் அப்படித்தான் சொல்கிறோம். தகரத்தில் நடப்பது ஒட்சியேற்றம். சுவரில் நடப்பது உப்புப் பளிங்குகள் வளர்ந்து நுண்துளைகளைப் பிளப்பது. ஒன்று இரசாயனம், மற்றது பௌதிகம். இரண்டுக்குமே மக்கள் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள் என்பது நமக்கு வாய்ப்பு. இருந்த இடத்திலேயே உறுதி போய் உதிர்வது என்ற பொருள் அதில் நன்றாக விழுகிறது. அதனாலேயே மண்ணரிப்பிலிருந்தும் பிரித்துக் காட்டலாம். உக்குவது இருந்த இடத்தில். அரித்துக்கொண்டு போவது நீரும் காற்றும். விடைத்தாள்களில் இந்த இரண்டும் கலந்து வருவதைப் பயிற்றுவிப்போர் எல்லோரும் பார்த்திருப்போம்.

சொல் வளைந்தும் கொடுக்கிறது. உக்கிய பாறை, பாதி உக்கிய பாறை, உக்கற்படை (உக்கிய பாறைப் படை), பௌதிக உக்கல், இரசாயன உக்கல், உயிரியல் உக்கல். "வானிலையாலழிந்த பாறைப் படை" என்று எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

ஓரிடத்தில் சொல் இழுபடுகிறது. ஆலமரத்து வேர் புகுந்து ஒரு பாறை இரண்டு பெரிய துண்டாகப் பிளந்தால் அதை உக்கல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதற்கு "வேர்ப்பிளவு" என்று தனிச்சொல் வைத்து, பௌதிக உக்கலின் தொடக்கப் படியாகக் கையேட்டில் காட்டலாம். பனிக்கட்டி உறைந்து பாறையைப் பிளக்கும் உதாரணத்தைச் சுருக்கிவிட்டு, அந்த இடத்தில் நம் கரையோர உப்பை வைக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

செய்முறைக்கு ஒரு எச்சரிக்கை. சுண்ணக்கட்டியில் வினாகிரி விட்டுக் குமிழி காட்டச் சொல்லிச் சில குறிப்புகள் சுற்றுகின்றன. வகுப்பறைச் சுண்ணக்கட்டி பலதும் ஜிப்சத்தால் ஆனது, அதாவது கல்சியம் சல்பேற்று. அதில் குமிழி வராது. சிப்பி ஓடோ முட்டை ஓடோ எடுத்து, வினாகிரியோ தேசிக்காய்ப்புளியோ விட்டால் காபனீரொட்சைட்டு வெளிவருவது நன்றாகத் தெரியும். அதே ஓட்டைத் தூளாக்கி விட்டால் இன்னும் வேகமாகப் பொங்கும். பௌதிக உக்கல் மேற்பரப்பைக் கூட்டி இரசாயன உக்கலை விரைவாக்குவது இப்படித்தான் என்று அங்கேயே சொல்லிவிடலாம். ஆனால் இது காபனேற்றின் கதை. நைஸ் களியாவதை மேசையில் காட்ட முடியாது, அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுவோம்.

பரீட்சைத் தாளில் பழைய சொல்தான் வரும். ஆகவே இப்போதைக்கு முதல் முறை வரும் இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். வரைவிலக்கணம் இப்படி:

பாறையுக்கல்: நீர், வளி, வெப்பம், உப்பு, உயிரிகள் ஆகியவற்றால் பாறை தான் இருந்த இடத்திலேயே உறுதி குறைந்து, சிறு துணிக்கைகளாகவும் புதிய கனியங்களாகவும் கரைந்த அயன்களாகவும் மாறுதல்.

"உறுதி குறைந்து" என்பதா, "பிணைப்புத் தளர்ந்து" என்பதா என்று எனக்கு இன்னும் இரண்டு மனம். இரசாயனம் படிப்பிக்கிறவர்கள் சொல்லுங்கள்.