வாட்டர்லூ சிங்கம் பீரங்கிய உருக்கி செஞ்சதா?

ஊர்சுற்றி72: பெல்ஜியம் போனப்ப, நெப்போலியன் தோத்த வாட்டர்லூ போர்க்களத்துல இருக்குற சிங்க மேட்டுல ஏறினேன், 226 படி. உச்சியில நிக்கிற சிங்கம் நெப்போலியன் படை விட்டுட்டு ஓடின பீரங்கிய உருக்கி செஞ்சது. 1815ல செத்த சிப்பாய்களுக்கு இதவிட பொருத்தமான நினைவுச்சின்னம் உலகத்துலயே கிடையாது.

வரலாற்றுப்பித்தன்: இந்த பீரங்கி கதைய இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்க? அது வார்ப்பிரும்பு சார், 28 டன், லீஜ் பக்கத்துல செராங்ல காக்கரில் பட்டறையில வார்த்தது. பிரெஞ்சுக்காரன் களத்துக்கு இழுத்துட்டு வந்ததெல்லாம் வெண்கல பீரங்கி. வெண்கலத்த உருக்கினா இரும்பு வருமா?

ஊர்சுற்றி72: அங்க கைடே சொன்னாரு. நேர்ல போனவன் நான், நீங்க வீட்ல உக்காந்து பேசுறீங்க.

வரலாற்றுப்பித்தன்: கைடு சொன்னா வெண்கலம் இரும்பாயிடுமா? சிப்பாய்களுக்குன்னு வேற சொல்றீங்க. நெதர்லாந்து ராஜா முதலாம் வில்லியம், தன் பையன் ஆரஞ்சு இளவரசன் தோள்ல குண்டடி பட்ட இடம்னு எழுப்பச் சொன்ன மேடு அது, 1826ல முடிஞ்சது. அதுக்கு மண்ணு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? நெப்போலியன எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் படை நின்ன முகட்டையே வெட்டி எடுத்தாங்க. பக்கத்துல, அந்தப் போர்ல செத்த வெலிங்டனோட உதவி அதிகாரி கார்டன் நினைவுத்தூணுக்கு இன்னைக்கு படி ஏறித்தான் போகணும், பழைய தரை அந்த உயரத்துல இருந்துச்சு. சிப்பாய் செத்த மண்ணையே வாரிட்டு அவனுக்கு நினைவுச்சின்னமாம்!

மலர்விழி_க: இளவரசன் பேர்ல கட்டினாலும் ஏறுற ஜனங்க செத்தவங்களத்தானே நினைக்குறாங்க? அதோட சாயங்காலம் பிரஷ்யா தளபதி ப்ளூகர் படையோட உதவிக்கு வரலைன்னா வெலிங்டன் கதி என்ன? பிரஷ்யாக்காரன பத்தி ஒருத்தரும் வாயே திறக்கல.

தெற்குவாசல்: ப்ளூகர விடுங்க மேடம். இரும்பு பீரங்கியும் உண்டே, கப்பல்ல இருந்தது எல்லாம் என்ன?

வரலாற்றுப்பித்தன்: வாட்டர்லூவுக்கு கப்பல் எந்த வழியா வந்துச்சு? போன மாசம் டிரஃபால்கர் கடற்போர் திரியிலயும் இப்படித்தான் குட்டைய குழப்பினீங்க. பீரங்கிய உருக்கி செஞ்சது பாரிஸ்ல வாந்தோம் தூண். நெப்போலியன் ஆஸ்டர்லிட்ஸ் போர்ல எதிரிகிட்ட பிடிச்ச பீரங்கி, அதான் அது வெண்கலம்.

தெற்குவாசல்: அந்தத் தூண 1871ல பாரிஸ்காரங்களே இழுத்துத் தள்ளினாங்க. சிங்கம் இன்னும் பிரான்ஸ பாத்துட்டு நிக்குது. டிரஃபால்கர் திரியில பதில் சொல்லாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

வரலாற்றுப்பித்தன்: நான் ஓடல, திரிய பூட்டிட்டாங்க. பேச்ச மாத்தாதீங்க, வெண்கலமா இரும்பா?

ஊர்சுற்றி72: பீரங்கிதான். கைடு சொன்னாரு.

வரலாற்றுப்பித்தன்: செராங், வார்ப்பிரும்பு, 28 டன். நாளைக்கும் இதையேதான் எழுதுவேன்.