நூலகக் கணினியில் பிள்ளைகளுக்கு இணையம்: விதிமுறை எழுத உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். கணினிகளில் இணையம் வந்துவிட்டது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை எப்படி அனுமதிப்பது என்று ஒரு பக்க விதிமுறை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

பெற்றோர் கையெழுத்து இல்லாமல் உட்காரவே விடக்கூடாது என்கிறார் ஒருவர். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வரும் பிளஸ் டூ பெண்ணை, அப்பா வெளியூரில் வேலையில் இருக்கிறார் என்பதற்காகத் திருப்பி அனுப்புவதா? தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி மென்பொருள் போட்டாலும் தொல்லைதான். சோதித்தபோது உயிரியல் பாடத்தின் மனித இனப்பெருக்கப் பக்கம் திறக்கவில்லை; ரம்மி விளையாட்டுத் தளம் ஜோராகத் திறந்தது.

அமெரிக்காவில் 2000இல் வந்த சட்டப்படி, இணையத்துக்குக் கூட்டரசுச் சலுகை வாங்கும் நூலகங்கள் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டி வைத்தாக வேண்டும். அது செல்லும் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பெரியவர்கள் கேட்டால் வடிகட்டியை விலக்கலாம் என்பதும் ஒரு காரணமாக இருந்தது. இந்தக் ‘கேட்டால் திறப்பது’ எனக்குப் பிடித்திருக்கிறது. பாடத் தளங்களுக்காவது பிள்ளைகளுக்கும் அப்படிச் செய்யலாமே?

உங்கள் நூலகத்தில் ஒப்புதல் படிவம் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம், பதிவேட்டில் பெயர், நேரம் தவிர வேறென்ன எழுதுகிறீர்கள்? திரையை நூலகர் மேசைப் பக்கம் திருப்பி வைத்தால் போதும் என்கிறார்களே, அது பலன் தருகிறதா?