தெற்குவாடி வாட்ஸ்அப் குழு: நாளைய வத்தத்துக்கு (கடல்தண்ணி இறங்குற நேரம்)

*சனி, மாலை 6:12*

ஜெனிபர்: 📷 டீச்சர், வத்தத்துல மணல் மேல பேஸ்ட் பிதுக்கின மாதிரி சுருள் சுருளா கிடக்கு. நண்டு போட்டதா?

ராணி டீச்சர்: நண்டு இல்லம்மா. நண்டு போடுறது குட்டிக் குட்டி உருண்டை, வளையைச் சுத்திச் சிதறிக் கிடக்கும். இது அறுந்து போகாம கயிறா வந்திருக்கு பாரு, புழுவோட வேலை. மணலை விழுங்கி, அதுல ஒட்டியிருக்கிற மக்கிப்போன துணுக்கை மட்டும் செரிச்சுட்டு, மிச்சத்தை வால்பக்கமா மேல தள்ளுது. வளை "ப" எழுத்து மாதிரி வளைஞ்சு போகும். சுருளுக்குக் கொஞ்சம் தள்ளி சின்னப் பள்ளம் இருக்கான்னு தேடு, அது தலைப்பக்கம்.

சூசை அண்ணன்: அப்ப பாலனோகிளாசஸ்ங்கிற கடல்புழுவா? பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவுக்குக் காலேஜ் பிள்ளைக பார்க்க வருமே, அதானே?

ராணி டீச்சர்: சுருளை மட்டும் வச்சுச் சொல்ல முடியாதுங்க அண்ணே. வளையப்புழுவுலயும், அதான் மண்புழு வகையிலயும், இப்படிப் போடுற இனம் இருக்கு. அந்த இடத்து மணலைக் கொஞ்சம் அள்ளி மோந்து பாருங்க. ஆஸ்பத்திரி அயோடின் வாசம் அடிச்சா பாலனோகிளாசஸ்தான். முன்னால துதிக்கை, அடுத்து கழுத்துப்பட்டை, அப்புறம் நீள உடம்பு. உடம்புல செவுள் துளை வரிசை இருக்கும். பேருதான் புழு. மண்புழுவை விட நம்மளை மாதிரி முதுகெலும்பு உள்ளதுக்குத்தான் நெருங்கின சொந்தம். பிடிச்சு இழுக்காதீங்க, ரொம்ப மென்மையான உடம்பு, துண்டு துண்டாப் போயிரும்.

ஜெனிபர்: நாளைக்குக் குருசடைக்கே போகலாமா?

சூசை அண்ணன்: வனத்துறை அனுமதி இல்லாம முடியாதும்மா. 1986லயே மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவையும் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கியாச்சு. நம்ம கரையிலயே பார்ப்போம்.

பாத்திமா அக்கா: எத்தனை மணிக்குன்னு முடிவு பண்ணுங்க. நம்ம பக்கம் ஏத்தவத்தம் (தண்ணி ஏறி இறங்குற அளவு) ஒரு மீட்டர்கூட வராது. அதனால காத்து ரொம்ப முக்கியம். கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிச்சா அமாவாசையா இருந்தாலும் தெக்குக் கரையில தண்ணி நினைச்ச அளவுக்கு இறங்காது, கலங்கியும் கிடக்கும். காத்து ஓஞ்சிருந்தா அலைப்பட்டியல்ல வத்தம்னு போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியே இறங்கணும். தண்ணி திரும்பினதும் ஏறிடுங்க.

*மாலை 6:40*

அந்தோணி: தூண்டிலுக்குப் புழு தோண்டலாம்ல?

சூசை அண்ணன்: கையளவு போதும்டா. மணலுக்கு மேல சிப்பித்துண்டு, பாசித்துண்டு ஒட்டின புழுக்குழாய் விரல் நீளத்துக்கு நிக்கும். அதைத் தொட்டாலே புழு அடிக்குப் போயிரும். மேல பிடிச்சு இழுத்தா வெறுங்குழாய்தான் கையில வரும். ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டுல மண்வெட்டியைப் போட்டு, குழாயோட சேர்த்து மண்ணைப் புரட்டு.

பாத்திமா அக்கா: குழியை மூடிட்டு வாப்பா. அடியில இருக்கிற கறுப்பு மண்ணுக்குக் காத்தே கிடையாது, அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அது மேல கிடந்தா சுத்தி இருக்கிற சின்ன உசுரெல்லாம் செத்துப்போகும். கறுப்பை முதல்ல உள்ள தள்ளு, வெள்ளை மணலை மேல போடு.

அந்தோணி: சரிக்கா. வாளியில கடல்தண்ணியில போட்டு வைக்கவா?

சூசை அண்ணன்: வேணாம், காத்து பத்தாம செத்துரும். ஈரப் பாசிக்குள்ள வச்சு நிழல்ல வை. அறுந்ததைத் தனியா எடுத்துரு. ஒண்ணு அழுகினா மொத்தமும் போச்சு.

ஜெனிபர்: 📷 இது சொறிமீனா (ஜெல்லி மீன்)? காம்போட மணல்ல நட்டு வச்ச மாதிரி நிக்குது.

ராணி டீச்சர்: சொறிமீன் இல்ல. புழுவோட முட்டைப் பை. வழவழப்புக்குள்ள பொடிப்பொடியாத் தெரியுதே, அத்தனையும் முட்டை. காம்புதான் அதை அலை அடிச்சுட்டுப் போகாம பிடிச்சு வச்சிருக்கு. பிள்ளைக பிடுங்கிராமப் பார்த்துக்கோ.

ராணி டீச்சர்: இன்னொண்ணு. கல்லைப் புரட்டினா இருந்தபடியே திருப்பி வைக்கணும். அடிப்பக்கம் கடற்பஞ்சு, தட்டைப்புழு, முட்டை எல்லாம் ஒட்டியிருக்கும், வெயில் பட்டா காஞ்சிரும். மேல்பக்கத்துப் பாசி வெளிச்சம் இல்லாம அழுகிரும். கல்லடியில வெள்ளை நூல் இடியாப்பம் மாதிரி நெளிஞ்சா அது முழுப் புழு இல்ல, உணர்கொம்பு மட்டும். உடம்பு குழாய்க்குள்ள உக்காந்திருக்கும். ஒவ்வொரு நூல்லயும் ஒரு வாய்க்கால் ஓடும், அது வழியா இரைத்துணுக்கு வாய்க்கு நகர்ந்து வரும். அஞ்சு நிமிஷம் அசையாம உக்காந்தா நல்லாப் பார்க்கலாம்.

பாத்திமா அக்கா: பவளக்கல்லுக்கு அடியில ரெண்டு பக்கமும் வெள்ளை ரோமம் வச்ச புழு இருக்கும், கம்பளிப்பூச்சி மாதிரி. அதைத் தொடவே கூடாது.

ராணி டீச்சர்: ஆமா, தீப்புழு. அந்த ரோமம் சுண்ணாம்பு ஊசி மாதிரி, தோல்ல குத்தி ஒடிஞ்சிரும். பட்டா தேய்க்காதீங்க, தேய்ச்சா இன்னும் உள்ள போகும். டேப்பை ஒட்டிச் சடார்னு உரிக்கணும், புதுத் துண்டா எடுத்து நாலஞ்சு தடவை. அப்புறம் வினிகர் தடவலாம். மூச்சு முட்டினா, முகம் வீங்கினா உடனே ஆஸ்பத்திரி.

சூசை அண்ணன்: கூம்பு மாதிரிப் பூப்போட்ட சங்கு அழகாக் கிடக்கும், அதையும் யாரும் எடுக்கக் கூடாது. விஷ ஊசி வச்சிருக்கு, ஆளையே கொல்லும். பின்பக்கம் பிடிச்சாலும் ஊசி எட்டும். டவுசர் பையில போட்டுக்கிற பையனுக இருப்பானுக, முதல்லயே சொல்லிருங்க.

ராணி டீச்சர்: கடல் அட்டை, பவளம் ரெண்டுக்கும் 2001லிருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கு. செத்த பவளத் துண்டுன்னாலும் வீட்டுக்குக் கொண்டு வராதீங்க.

ஜெனிபர்: சரி டீச்சர். டேப், வினிகர், கனமான செருப்பு. வேற என்ன?

பாத்திமா அக்கா: தொப்பி. குடிதண்ணி ஆளுக்கு ஒரு பாட்டில். காலைத் தூக்கித் தூக்கி வைக்காம தேய்ச்சு நடக்கச் சொல்லு, திருக்கை இருந்தா விலகிப் போயிரும்.