தேர்வுக்கும் முடிவுக்கும் நடுவில் இருந்த மாதங்கள்

திருச்சியிலிருந்து:

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: தேர்வு நெருங்குகிறது, விடாமல் படி. தேர்வு நெருங்கினால் யாரும் சொல்லாமலேயே புத்தகம் கைக்கு வந்துவிடும். நுழைவுச்சீட்டு பதிவிறக்கம் செய்த அன்று யாருக்குத்தான் தூக்கம் வரும்? மனம் தளர்ந்துபோகும் காலம் வேறு. தேர்வை எழுதி முடித்து, விடைக்குறிப்பு வெளியாகி, மதிப்பெண்ணை நாமே கூட்டிப் பார்த்துவிட்டு, கிடைக்கும் என்றும் சொல்ல முடியாமல் கிடைக்காது என்றும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அந்தக் காலம்.

2022 ஜூலை 24 அன்று, அரசு வேலைக்காகத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வை எழுதினேன். முடிவு வெளியானது 2023 மார்ச் 24. அந்த எட்டு மாதத்தில் படிப்பைவிட்டு விலகியவர்களைக் கண்ணெதிரே பார்த்தேன். நன்றாகப் படித்தவர்கள். என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். இப்போது காத்திருப்பவர்கள் அப்படி விலகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் ஊர் லால்குடிக்குப் பக்கத்தில். காலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் போகும் பஸ்ஸைப் பிடித்து மாவட்ட மைய நூலகத்துக்கு வந்துவிடுவேன். நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் கிடையாது என்று 2021இல் அறிவித்திருக்காவிட்டால், தினமும் திருச்சிக்குப் போய்ப் படிக்க வீட்டில் சம்மதித்திருக்கவே மாட்டார்கள். அப்பாவுக்கு நெல், அம்மாவுக்கு இரண்டு மாடு. பஸ் கட்டணத்தை மாதக் கணக்கில் யார் கொடுப்பது? எங்களைப் போன்ற பெண்கள் எத்தனை பேர் அந்தப் பஸ்ஸால் படித்தோம் என்பதைச் சொல்லாமல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல முடியாது.

நூலகத்தில் காலை வேளையில் இரண்டு வகையான கூட்டம் இருக்கும். நாளிதழ் வாசிக்க வரும் பெரியவர்கள் ஒரு பக்கம். சொந்தப் புத்தகத்தோடு வந்து இடம் பிடிக்கும் எங்களைப் போன்றவர்கள் இன்னொரு பக்கம். எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ், சமூக அறிவியல், அறிவியல். பழைய பாடத்திட்டம் ஒரு கட்டு, புதியது ஒரு கட்டு. பழைய புத்தகக் கடையில் வாங்கிய எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் முன்பு படித்த பையன் மீசை வரையாத தலைவர்களே கிடையாது.

இந்தத் தேர்வை எழுதாதவர்களுக்காக ஒரு வரி: 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழ். தமிழில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் வராவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25.

எனக்குப் பயமே அந்த 25தான். பள்ளியிலேயே கணக்கு என்றால் ஒதுங்கிவிடுவேன். என் வரிசையில் ஓர் அக்கா உட்காருவார். வீட்டில் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவார். பள்ளி விடும் நேரத்துக்குக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் நான் வேலை, நேரம் கணக்கில் திணறிக்கொண்டிருந்தேன். ஒருவர் ஒரு வேலையை 10 நாளில் முடிப்பார், இன்னொருவர் 15 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? நான் பின்னத்தைக் கூட்டிக் குழம்பியிருந்த தாளை அக்கா தன் பக்கம் இழுத்தார்.

"முப்பது சட்டை தைக்க வேண்டும் என்று வைத்துக்கொள், தங்கச்சி. பத்து நாளில் முடிப்பவள் ஒரு நாளைக்கு எத்தனை தைப்பாள்?"

"மூன்று."

"பதினைந்து நாளில் முடிப்பவள்?"

"இரண்டு."

"இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வை. நாளைக்கு ஐந்து. முப்பது சட்டைக்கு?"

ஆறு நாள். பென்சிலே தேவைப்படவில்லை. அதன் பிறகு அந்த வகைக் கணக்கு எங்கே வந்தாலும் எனக்குச் சட்டையாகத்தான் தெரிந்தது. மூன்றாவதாக ஒருத்தி வந்து சேர்ந்தாலும், பாதியில் ஒருத்தி எழுந்து போனாலும் கை தானாகப் போட்டது.

தமிழுக்கு எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். நாளிதழ் வாசிக்க வருவார். நாங்கள் மதியம் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, பதினெண்கீழ்க்கணக்கில் எது அகம், எது புறம் என்று ஒருவரையொருவர் குழப்பிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு நின்றார். "பதினெட்டில் அற நூல் பதினொன்று, அகம் ஆறு, புறம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் ஆறையும் பிடித்துக்கொள்ளுங்கள், அம்மா. மீதி எல்லாம் தானே அறம்" என்றார். பதினெட்டு பெயரையும் பிரித்துப் பிரித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தவர்களுக்கு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. பிறகு ஐயா வாரத்தில் சில நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தால்கூட வேண்டாம் என்பார்.

தேர்வு வரைக்கும் இப்படி நன்றாகத்தான் ஓடியது. அதன் பிறகுதான் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. முதல் மாதம் எல்லோரும் ஓய்வு என்றார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து கட்-ஆஃப் பேச்சு, அதாவது எத்தனை மதிப்பெண் வரை வேலை கிடைக்கும் என்ற பேச்சு. யூடியூபில் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். காலையில் ஒன்றைக் கேட்டுவிட்டு நாள் முழுக்கப் பிரகாசமாக இருந்த தோழி, மாலையில் இன்னொன்றைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறினாள். ஊரில் கோவில் திருவிழாவுக்குப் போனால், "இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாயா?" என்று கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் நம்மிடம் பதில் இல்லாத சமயத்தில் அந்தக் கேள்வி உடம்பெல்லாம் வலிக்கும்.

தையல் அக்காதான் ஒரு வழி சொன்னார். சாப்பாட்டு நேரத்தைத் தவிர கட்-ஆஃப் பேச்சு கூடாது. அது முதலாவது. இரண்டாவதுதான் எங்களைக் காப்பாற்றியது. எழுதி முடித்த அந்த 2022 வினாத்தாளையே எடுத்தோம். ஒவ்வொரு கேள்வியும் எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தேடினோம். நோட்டில் கோடு போட்டு, கேள்வி எண், வகுப்பு, பாடத்தின் பெயர், பக்கம் என்று எழுதினோம். சில கேள்விகள் பாடத்தின் கடைசியில் இருக்கும் பெட்டிச் செய்தியிலிருந்து வந்திருந்தன. யாரும் படிக்காமல் தாண்டிப்போகும் பெட்டி. சில கேள்விகள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. அவற்றைத் தேடியே இரண்டு நாள் போகும். அது முடிந்ததும் அதற்கு முந்தைய தேர்வின் வினாத்தாள். அதற்கும் முந்தையது.

இதில் என்ன விசேஷம் என்றால், இந்த வேலைக்கு நம்பிக்கை தேவைப்படவில்லை. பாஸ் ஆவேன் என்று நம்பினாலும் செய்யலாம், ஆகமாட்டேன் என்று தோன்றும் நாளிலும் செய்யலாம். காலையில் வந்தால் 47ஆவது கேள்வி காத்திருக்கும், அதைத் தேட வேண்டும், அவ்வளவுதான். மனத்தைத் தேற்றிக்கொண்டு பிறகு படிக்கலாம் என்று வீட்டில் இருந்தவர்கள் திரும்பி வரவில்லை. தேற்றிக்கொள்ளாமலேயே வந்து உட்கார்ந்தவர்கள் நிலைத்தார்கள். நான் கண்டது இது.

மார்ச்சில் முடிவு வந்தது. அக்காவின் எண் இருந்தது. என்னுடையது இல்லை. அக்கா சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சென்னை போய்விட்டு வந்து, அந்த நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். அடுத்த அறிவிப்பு 2024 ஜனவரியில் வந்தது. 6,244 இடங்கள் என்று அறிவித்தார்கள், பிறகு கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஜூன் 9 அன்று எழுதினேன். அன்று மாலையே வினாத்தாளை வைத்துக்கொண்டு நோட்டில் புதுப் பக்கம் போட்டேன். இந்த முறை முடிவு அக்டோபரிலேயே வந்துவிட்டது, என் எண்ணும் இருந்தது. இப்போது இளநிலை உதவியாளராக வேலை பார்க்கிறேன். நோட்டு, அதே நூலகத்துக்கு வரும் ஒரு தங்கையிடம் இருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி:

படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கிராமத்திலிருந்து நூலகம் போய் உட்கார முடியாது. இரண்டு பிள்ளைகள், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, கணவர் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறார். என்னைப் போல வீட்டுக்குள்ளேயே படிப்பவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். எங்களுக்குப் பெஞ்சும் கிடையாது, மரத்தடியும் கிடையாது.

எனக்குக் கிடைத்தது போன். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடத்துகிறார்கள். கொஞ்ச நாள்தான் போக முடிந்தது. அங்கே பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்ணிடம் நம்பர் வாங்கிக்கொண்டேன். அவளுக்கும் என் நிலைமைதான். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவு ஒன்பதரைக்கு அவள் கூப்பிடுவாள். ஆளுக்குப் பத்துக் கேள்வி. குசலம் விசாரிப்பது எல்லாம் கேள்விக்குப் பிறகுதான் என்று பேசி வைத்துக்கொண்டோம். நான் பத்துக் கேள்வி தயார் செய்ய வேண்டும் என்பதாலேயே பகலில் எப்படியாவது ஒரு பாடத்தைப் படித்துவிடுவேன். உலை கொதிக்கும்போது, பால் காயும்போது, எப்படியாவது. எனக்காக மட்டும் என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். அவள் காத்திருப்பாளே!

வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கு இன்னொன்று. ஓஎம்ஆர் தாளை, அதாவது வட்டத்தை நிரப்பும் விடைத்தாளைக் கடையில் வாங்கியோ நகல் எடுத்தோ, கறுப்பு மை பால்பாயிண்ட் பேனாவால் வட்டத்தை நிரப்பிப் பழகுங்கள். 200 வட்டத்தை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். விடை தெரியாத கேள்வியையும் சும்மா விடக் கூடாது, ஐந்தாவதாக இருக்கும் 'E' வட்டத்தை நிரப்ப வேண்டும். முன்பு நடந்த தேர்வுகளில் கடைசியில் ஒவ்வோர் எழுத்திலும் எத்தனை நிரப்பினோம் என்று எண்ணி எழுதவும் வேண்டியிருந்தது. வீட்டில் வாய்ப்பாடமாகப் படித்துவிட்டு நேரே தேர்வு அறைக்குப் போகிறவர்கள் அங்கேதான் பதறுகிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் ஓரளவு தெரிந்த கேள்விக்குத் துணிந்து விடை எழுதலாம் என்பதும் பல பேருக்குத் தெரியவில்லை.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி:

அக்கா, நான் பி.எஸ்சி. முடித்துவிட்டுப் படிக்கிறேன். தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கும் நிலைமை எனக்கும் புரிகிறது. வீட்டில் அப்பா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நான் சாப்பிட உட்காரும்போது அவர் எழுந்து போய்விடுகிறார். ஜவுளிக்கடையில் வேலை இருக்கிறது, சேர்ந்துவிடு என்று சித்தப்பா சொல்கிறார். சேர்ந்தால் படிப்பு போய்விடும் என்று பயமாக இருக்கிறது. சேராவிட்டால் வீட்டில் இருக்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

திருச்சியிலிருந்து:

தம்பி, சேர்ந்துவிடு. நான் மேலே எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த எட்டு மாதமும் மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். அந்தப் பணத்தில் வீட்டுக்கு எண்ணெயும் பருப்பும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் என்னால் தலை நிமிர்ந்து புத்தகத்தைத் திறக்க முடிந்தது. கையில் சொந்தக் காசு இருந்தால் படிப்பில் மனம் நிற்கும், இது என் அனுபவம். ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததில் எனக்கே பாடம் ஆகிவிட்டது, அது தனி லாபம்.

ஜவுளிக்கடையில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடிக் கழிவு முடிந்து கொஞ்சம் ஓயும். சேரும்போதே முதலாளியிடம் தேர்வு நாளுக்கும் அதற்கு முந்தைய வாரத்துக்கும் விடுப்பு வேண்டும் என்று சொல்லிவிடு. பின்னால் கேட்டால் மனத்தாங்கல் வரும். காலையில் கடை திறக்கும் வரை உன் நேரம். அந்த நேரத்தில் புதுப் பாடம் படிக்காதே, கணக்கைப் போடு. கணக்குக்குத் தெளிந்த தலை வேண்டும். இரவில் களைத்து வந்தால் பழைய வினாத்தாளில் பத்துக் கேள்வியை எடுத்து எந்தப் பாடம் என்று தேடி எழுது, போதும். விருதுநகர் சகோதரி சொன்னது போல எதிர்முனையில் காத்திருக்க ஒருவரைப் பிடித்துக்கொள். யாரும் கிடைக்காவிட்டால் இங்கே எழுது, எங்கள் நூலகத்துத் தங்கையிடம் சொல்லி உன்னையும் அவர்கள் கேள்விச் சுற்றில் சேர்த்துவிடச் சொல்கிறேன். அப்பாவிடம் முதல் மாதச் சம்பளத்தை நீயே கையில் கொடு, சித்தப்பா மூலமாகக் கொடுக்காதே.