இலியோஸ்டமி பை: வெயிலில் பேஸ் பிளேட் நிற்க வழி சொல்லுங்கள்

வணக்கம். பெருங்குடல் முழுதும் எடுத்து, இலியோஸ்டமி (சிறுகுடல் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, கழிவைப் பையில் சேர்ப்பது) செய்துகொண்டவர்களிடமும், அவர்களைக் கவனிக்கும் நர்ஸ்களிடமும் ஒரு கேள்வி. மூன்று நான்கு நாள் தாங்கும் பேஸ் பிளேட் (பையைப் பிடிக்க வயிற்றுத் தோலில் ஒட்டும் தகடு), வெயில் தொடங்கியதும் மறுநாளே கீழ்ப்பக்கம் பிரிகிறது. கசிவதில் செரிமான நொதிகள் இருப்பதால் தோல் சீக்கிரம் புண்ணாகிறது.

பிளேட்டின் துளையை ஸ்டோமாவைவிட (வயிற்றில் தெரியும் குடல் வாய்) 2 மி.மீ. மட்டுமே பெரிதாக வெட்டுகிறோம். வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு ஒட்டி, உள்ளங்கைச் சூட்டில் சில நிமிடம் அழுத்துகிறோம். (எண்ணெய், க்ரீம் பக்கமே போவதில்லை, பட்டால் ஒட்டாது.) மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் பையைக் காலி செய்துவிடுகிறோம். ஸ்டோமா தோல் மட்டத்திலேயே இருக்கிறது. கான்வெக்ஸ் (தோல் பக்கம் குவிந்த) பிளேட்டும் பெல்ட்டும் போட்டால் நிற்குமா? ஸ்டோமாவைச் சுற்றி இடைவெளியை அடைக்க, வியர்வைக்குத் தாங்குவது வளையமா, பேஸ்ட்டா?

இன்னொன்று. "நிறையத் தண்ணீர் குடிங்க" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். வெறும் தண்ணீர் அதிகமானால் உடம்பு உப்பையும் இழுத்துக்கொண்டு பையில்தான் இறங்கும். டாக்டர் சொன்னபடி 1 லிட்டர் நீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், ஆப்பசோடா 2.5 கிராம் கலக்கிறோம். அளவு சரி, வாயில் வைக்கத்தான் முடியவில்லை. எதைச் சேர்த்துக் குடிக்கிறீர்கள்?

பிளேட்டின் பெயரோடு, உங்கள் ஊர் வெயிலில் எத்தனை நாள் நின்றது என்பதையும் எழுதுங்கள்.