பால் பைத்தான் பாம்போட அடிவயித்து செதில் செவந்து பழுப்பாகுது, சட்டை உரிக்கப் போகுதா இல்ல ஸ்கேல் ராட்டா (செதில் அழுகலா)? உதவி பண்ணுங்க

தண்டையார்பேட்டை_ரம்யா
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல ஒரு பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) இருக்கு, பொண்ணு, ரெண்டு வயசு ஆகப்போகுது, எடை 900 கிராம் கிட்ட. நேத்து டப்பா சுத்தம் பண்றப்ப கையில தூக்கினேன், வால் பக்கமா அடிவயித்துல நாலஞ்சு செதிலோட ஓரம் மட்டும் செவந்து போயிருக்கு, அதுல ரெண்டு பழுப்பாயி லேசா தூக்கிட்டு நிக்குது, மத்த இடமெல்லாம் விரல்ல தடவினா வழுவழுன்னு இருக்கு அங்க மட்டும் சொரசொரங்குது. மழை ஆரம்பிச்சதுல இருந்து சுவர் ஃபுல்லா ஓதம், எங்களுது கீழ் வீடு வேற, ஹைக்ரோமீட்டர் (காத்துல ஈரத்த சதவீதத்துல காட்டுற மீட்டர்) 85க்கு கீழ இறங்கவே மாட்டேங்குது. கீழ கோகோ பீட் போட்டிருக்கேன், ஒரு பக்கம் டப்பாவுக்கு அடியில ஹீட் மேட் (கரண்ட்ல சூடாகுற விரிப்பு). கடைசியா வச்ச எலிய தொடக்கூட இல்ல. பாட்டி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சு பூசுடின்றாங்க, பூசலாமா? ரொம்ப பயமா இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காசிமேடு_பையன்
அக்கா கண்ணு எப்டி கீது? நீலமா மங்கலா கீதா, தெளிவா கீதா? அத்த மொதல்ல பாத்து சொல்லு. மஞ்சள் இப்போதிக்கு பூசாத, கலரு ஏறிக்கினா டாக்டராண்ட போறப்ப புண்ணு எது மஞ்சள் எதுன்னு அவருக்கே தெரியாது.

கொளத்தூர்_மீன்தொட்டி
சட்டை உரிக்கிறதுக்கு முன்னாடி அடிவயிறு ரோஸ் ஆகும்ங்க, அந்த டைம்ல சாப்பாடும் எடுக்காது. என்கிட்ட இருக்கிறதும் அப்படித்தான். டென்ஷன் ஆகாதீங்க, ஒரு வாரம் விட்டுப் பாருங்க.

பெரம்பூர்_ஊர்வன
கொளத்தூர் நண்பர் சொல்ற ரோஸ் நிஜம்தான், ஆனா ரம்யா சொல்ற அறிகுறி அதோட ஒத்துப் போகல, ஒரு வாரம் விடுறது எனக்கு சரியா படல. சட்டை உரிக்கிறப்ப வர்ற ரோஸ் வயிறு முழுக்க ஒரே சீரா பரவி இருக்கும், கூடவே மேல் தோல் மங்கும், கண்ணு நீலம் பாயும், அப்புறம் கண்ணு மறுபடி தெளிஞ்சு சில நாள்ல சட்டைய கழட்டிடும், கழட்டினதும் ரோஸும் போயிடும். செதில் மட்டும் தடிக்காது, தூக்காது, சொரசொரக்காது. ஸ்கேல் ராட் அங்கங்க திட்டு திட்டா வரும், செதிலோட விளிம்புல, இல்ல ரெண்டு செதில் சேர்ற மடிப்புல செவப்பு ஆரம்பிச்சு பழுப்பாகும், சில சமயம் குட்டி கொப்புளம் வந்து உள்ள தண்ணி கோத்துக்கும், முத்திப் போனா நாத்தம் வரும், அப்பறம் ரத்தத்துல கலந்துச்சுன்னா உயிருக்கே ஆபத்து. மூணாவதா சூடு பட்ட புண்ணும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் தெரியும், அது பெரும்பாலும் ஹீட் மேட் மேல படுக்குற இடத்துல மட்டும் வரும்.

அதனால இதெல்லாம் சொல்லுங்க ரம்யா: கண்ணு எப்படி இருக்கு, கடைசியா எப்ப சட்டை உரிச்சது, முழுசா ஒரே துண்டா வந்துச்சா, ஹீட் மேட்டுக்கு தெர்மோஸ்டாட் (சூட்ட ஒரே அளவுல நிறுத்துற கருவி) இருக்கா, கோகோ பீட்ட அடியில இருந்து ஒரு பிடி எடுத்து அழுத்தினா தண்ணி சொட்டுதா.

தண்டையார்பேட்டை_ரம்யா
கண்ணு பளிச்சுன்னு தெளிவா இருக்கு அண்ணா. சட்டை இப்பதான் கொஞ்ச நாள் முன்னாடி உரிச்சது, தலைல இருந்து வால் நுனி வரைக்கும் ஒரே துண்டு. தெர்மோஸ்டாட் இல்ல, வாங்கின கடையில சென்னை வெயிலுக்கு அதெல்லாம் தேவையே இல்லன்னாங்க. கோகோ பீட் மேல காஞ்சாப்ல இருக்கு, அடியில அழுத்தினா தண்ணி வருது. ஹீட் மேட்டுக்கு மேல டப்பா தரையில தெர்மாமீட்டர் முனைய வச்சுப் பாத்தேன், 41 காட்டுது.

பெரம்பூர்_ஊர்வன
அப்ப இது சட்டை உரிக்கிறது இல்ல, கண்டிப்பா இல்ல. 41 ரொம்ப அதிகம்மா, சூடான பக்கம் 31ல இருந்து 33 டிகிரி, குளிர்ச்சியான பக்கம் 25ல இருந்து 27, அவ்ளோதான் வேணும். மேட்ட இப்பவே ஆஃப் பண்ணுங்க, நம்ம ஊர் மழைக்கால ராத்திரிக்கு ரெண்டு மூணு நாள் மேட் இல்லாம இருந்தா ஒண்ணும் ஆகாது, தெர்மோஸ்டாட் வாங்கின பிறகு போட்டுக்கலாம். பாம்புக்கு சூடு சுட்டா உடனே நகரணும்னு தோணாது, வெந்துக்கிட்டே படுத்திருக்கும், அதுதான் கொடுமை.

கோகோ பீட் மொத்தத்தையும் எடுத்து தூக்கிப் போட்டுட்டு வெள்ளை டிஷ்யூ பேப்பர் விரிங்க. பிரிண்ட் இல்லாத வெள்ளை, அப்பதான் ரத்தமோ நீரோ கசிஞ்சா தெரியும். டப்பா கழுவ பினாயில் டெட்டால் ரெண்டுமே வேணாம், ஃபீனால் சேர்ந்த எதுவும் ஊர்வனங்களுக்கு விஷம். ப்ளீச் ஒரு பங்கு தண்ணி பத்து பங்கு, அப்புறம் வாசனையே இல்லாம நல்லா அலசி துடைச்சு காய விடுங்க. பீட்டாடின வெதுவெதுப்பான தண்ணியில லைட் டீ கலர் வர்ற அளவு மட்டும் கலந்து, வயிறு நனையற அளவு ஊத்தி 10 நிமிஷம் விடலாம், நீங்க பக்கத்துலயே இருங்க, தண்ணிய குடிக்க விடாதீங்க. எடுத்ததும் ஒத்தி ஒத்தி துடைங்க, தேய்க்காதீங்க, தூக்கி நிக்கிற செதில பிய்க்கவே கூடாது. எண்ணெய் எதுவும் வேணாம், வேப்பெண்ணெய் தேங்காண்ணெய் எல்லாமே ஈரத்த உள்ள பூட்டி வச்சிடும். பாட்டி மேல கோவப்படாதீங்க, அவங்க அக்கறைல சொல்றாங்க.

இவ்ளோவும் டாக்டர்கிட்ட போற வரைக்கும்தான். செதில் தூக்கிட்டு நிக்குதுன்னா ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்கு கிட்டதானே, பாம்பு பாக்குற டாக்டர் எப்ப இருப்பார்னு ஃபோன் பண்ணி கேட்டுட்டு போங்க. துணிப்பையில போட்டு பையோட வாய கட்டி, அந்தப் பைய காத்து போற டப்பாவுக்குள்ள வச்சு எடுத்துட்டு போங்க.

வியாசர்பாடி_கார்த்தி
நடுவுல பூந்து கேக்குறேன் மன்னிச்சிடுங்க, என்னோடது ரெண்டு நாளா தண்ணி கிண்ணத்துலயே சுருண்டு கெடக்குது, தண்ணிக்கு அடியில கருப்பு புள்ளி புள்ளியா எதோ கெடக்கு, இதுவும் ஸ்கேல் ராட்டா?

பெரம்பூர்_ஊர்வன
இல்ல தம்பி, அது மைட்ஸ் (ரத்தம் குடிக்கிற குட்டி பூச்சி) மாதிரி இருக்கு. கண்ணைச் சுத்தி இருக்கிற பள்ளம், தாடைக்கு அடியில இருக்கிற மடிப்பு, மேல் உதட்டுல இருக்கிற குழிங்க, இங்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பாரு. ஈர வெள்ளை டிஷ்யூவால உடம்ப தலைல இருந்து வால் வரைக்கும் உருவு, புள்ளி ஒட்டி நகர்ந்துச்சுன்னா அதேதான். பாம்ப மட்டும் சுத்தம் பண்ணி பிரயோஜனம் இல்ல, பெண் மைட் கீழ இறங்கி டப்பா இடுக்குல முட்டை போடும், அதனால டப்பா, ஹைட் (பாம்பு ஒளிஞ்சுக்குற கூடு), கிண்ணம் எல்லாத்தையும் திரும்பத் திரும்ப கழுவணும், மரத்துண்டு இருந்தா தூக்கிப் போட்டுடு. நாய்க்கு அடிக்கிற உண்ணி மருந்து கையில இருக்குன்னு அடிச்சிடாத, அளவு தப்புனா பாம்புக்கு நரம்பு பாதிச்சிடும், டாக்டர் சொல்ற மருந்து மட்டும். வேற பாம்பு இருந்தா வேற ரூம்ல வை.

ராயபுரம்_வக்கீல்
டாக்டர்கிட்ட போனா பேப்பர் கேப்பாங்களோன்னு பயந்து சிலர் வீட்லயே வச்சு சாகடிக்கிறாங்க, அதனால சொல்றேன். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்கா பாம்பு, சைட்டிஸ் (காட்டுயிர் வர்த்தகத்த கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) 2வது பட்டியல்ல இருக்கு. 2022ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்த திருத்தி இந்த மாதிரி வெளிநாட்டு உயிரினங்கள 4வது அட்டவணைல கொண்டு வந்தாங்க, 2024 பிப்ரவரில வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் 2.0 போர்ட்டல்ல பதிவு பண்ணணும், குஞ்சு பொரிச்சாலும் செத்தாலும் அதையும் தெரிவிக்கணும். பதிவு இல்லன்னா அத சரி பண்ற வழிய பாருங்க, வைத்தியத்த தள்ளிப் போடாதீங்க. நம்ம ஊர் மலைப்பாம்பு கதையே வேற, அது 1வது அட்டவணை, வளர்க்கவே கூடாது.

தண்டையார்பேட்டை_ரம்யா
அப்டேட். ஆஸ்பத்திரி போயிட்டு வந்துட்டோம். ஸ்கேல் ராட்தான், ஆரம்ப கட்டம், ஈரமும் மேட் சூடும் ரெண்டும் சேர்ந்து பண்ணின வேலைன்னாங்க. தூக்கி நின்ன செதிலுக்கு அடியில உப்பு தண்ணியால கழுவி சில்வர் சல்ஃபாடயஸின் க்ரீம் போட்டாங்க. ஊசி உடம்போட முன்பக்கத்துல போட்டாங்க, பின்பக்க ரத்தம் கிட்னி வழியா போறதால அங்க போட்டா மருந்து வேலை செய்றதுக்குள்ள வெளிய போயிடலாமாம், கிட்னிக்கும் கஷ்டமாம். மூணு நாளுக்கு ஒண்ணுன்னு மீதி ஊசிக்கு வரச் சொன்னாங்க. வாய தொறந்து ஈறு பாத்தாங்க, மூச்சுல கரகரப்பு இருக்கா, மூக்குல குமிழ் வருதான்னு பாத்தாங்க, ரெண்டும் இல்ல. சாப்பாடு இப்ப கட்டாயப்படுத்தாதீங்க, எடைய மட்டும் குறிச்சு வைங்கன்னாங்க. பெரம்பூர் அண்ணா, காசிமேடு தம்பி, ரொம்ப நன்றி.

ஒரே ஒரு சந்தேகம், காத்துல ஈரம் வேணும்னுதான் எல்லா இடத்துலயும் போட்டிருக்கு, டாக்டர் காய வைங்கன்றாங்க, அப்ப அடுத்த சட்டை ஒட்டிக்காதா?

காசிமேடு_பையன்
சூப்பர் அக்கா, பொழச்சிக்கும் உடு.

பெரம்பூர்_ஊர்வன
நல்ல கேள்வி. காத்துல ஈரம் வேற, தரையில ஈரம் வேற. பாம்போட சொந்த ஊர்ல அது எலி வளையிலயும் கரையான் புத்துலயும் படுத்திருக்கும், உள்ள காத்து ஈரமா இருக்கும், ஆனா சேத்துல படுக்காது. 55ல இருந்து 65 போதும், சட்டை உரிக்கிற சமயம் 70 போகலாம். இந்த மழைல உங்க ரூமே 85 காட்டுறப்ப நீங்க தண்ணி தெளிக்கவே வேணாம், டப்பா பக்கவாட்டுல இன்னும் ஓட்டை போடுங்க, தண்ணி கிண்ணத்த மேட் இல்லாத பக்கம் வைங்க, டப்பாவ தரையில இருந்து எடுத்து ஓதம் அடிக்கிற சுவர விட்டு தள்ளி ஸ்டூல் மேல வைங்க. கண்ணு நீலமாச்சுன்னா மட்டும் ஒரு ஹைட்ல ஈரத் துணி போட்டு வைங்க, புண்ணு ஆறின பிறகுதான் அதுவும். உரிச்ச சட்டைய தூக்கிப் போடாம விரிச்சுப் பாருங்க, ரெண்டு கண்ணு மூடியும் வால் நுனியும் அதுல இருக்கணும். கண்ணு மூடி உள்ள தங்கிடுச்சுன்னா டேப் ஒட்டி இழுக்காதீங்க, கண்ணே போயிடும். புண்ணு இருக்கிறப்ப வழக்கத்த விட சீக்கிரமே சட்டை உரிக்கும், பயப்படாதீங்க, ஒவ்வொரு தடவையும் அந்த பழுப்பு கொஞ்சம் கொஞ்சமா குறையணும். குறையாம பக்கத்து செதிலுக்கு பரவினா அடுத்த ஊசி நாள் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போயிடுங்க.